செவுளின் சிவப்பு

பெப்ரவரி 8, 2025, சனி

முதல் வகுப்பு முடிந்தது. கேம் ஆர்ட்டில் முதுகலைப் பட்டம், இரண்டு வருடம். கணினி விளையாட்டுகளுக்கு வேண்டிய உருவங்களையும் இடங்களையும் செய்யப் படிப்பது. கொழும்பிலிருந்து இணையத்தில் நடத்துகிறார்கள். பதினான்கு பேரில் மன்னார்க்காரர் இரண்டு பேர்: தோட்டவெளியில் நான், தாராபுரத்தில் றிப்கா. எந்த வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பாடம் நடத்தும் வஸீர் சேர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அச்சக வேலையை என்றேன். வகுப்பு முடியும்வரை அம்மா அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒருவரையும் உள்ளே விடவில்லை.

முதல் பாடம் நிறமும் ஒளியும்.

பெப்ரவரி 9

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டா? இல்லை என்று போட்டேன்.

உண்டு. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 13

சிவப்பும் பச்சையும் எனக்கு ஏறக்குறைய ஒரே சேற்று நிறம். பள்ளிக்கூடத்தில் நிறப் பென்சில்களில் பெயர் எழுதியிருந்தது; வாசித்துத் தப்பினேன். அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இலக்கம். அனுமதிக்காக அனுப்பிய படங்கள் எல்லாம் பென்சிலும் சாம்பல் நிற உருவங்களும்தான். "நிறத்தையே விட்டது துணிச்சலான முடிவு" என்று நேர்முகத்தில் பாராட்டினார்கள். நன்றி சொன்னேன்.

பெப்ரவரி 22, சனி

இருவர் இருவராகச் செய்யும் வேலை. எனக்குச் சோடி றிப்கா. மீன் சந்தையில் ஒரு கடை. விளையாடுபவர் செவுளின் சிவப்பைப் பார்த்து நல்ல மீனைத் தெரிவு செய்ய வேண்டும். உருவங்கள் என் பொறுப்பு, நிறம் அவர் பொறுப்பு. என் பாரை மீனைப் பார்த்துவிட்டு, "இப்பதான் வள்ளத்தில இருந்து இறக்கின மாதிரி இருக்கு" என்றார். இந்தப் படிப்பு தொடங்கி முதல் தடவையாகப் பசித்தது.

பெப்ரவரி 28

ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலரைக்கு றிப்கா தொலைபேசியில் எடுத்தார். "இஞ்ச கரண்ட் போயிட்டுது. செவுள் மட்டும்தான் மிச்சம். நல்ல ஈரச் சிவப்பாப் போட்டு அனுப்பிவிடுங்கோ."

எனக்குத் தெரிந்த சிவப்பின் இலக்கத்தைப் போட்டேன். கதவுக்கு அடித்த பெயின்ற் மாதிரி இருந்தது. ஈரம் வர வேண்டுமென்று கண்ணால் பார்த்து மாற்றினேன். றிப்காவிடம் இலக்கம் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் என்று கேட்பார்.

மார்ச் 1, சனி

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மீனின் செவுள் பாசி பிடித்த பச்சையாம். "ஆர் நிறம் போட்டது?" என்று வஸீர் சேர் கேட்டார். "நிறம் என்ர பொறுப்பு சேர்" என்றார் றிப்கா. இதைக்கூடக் கவனிக்காமல் எப்படி அனுப்பினீர்கள் என்று அவரைப் பிடித்துப் பேசினார். என் மைக் அணைந்திருந்தது. நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

பிறகு றிப்கா எழுதிக் கேட்டார், என்ன நடந்தது என்று. அவசரத்தில் தவறிவிட்டது என்று பதில் போட்டேன்.

மார்ச் 3

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டா. சொன்னேன். அவ அதிரவில்லை.

"உனக்கு மாமாவின்ர கண் எண்டு எனக்கு அப்பவே தெரியும். அஞ்சு வயசில பழுத்த மிளகாய் ஆயச் சொன்னனான், எல்லாம் பச்சையா ஆய்ஞ்சு கொண்டந்தாய்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ படம் கீறுறதை விட்டிடுவாய் எண்டுதான்."

யாகப்பர் மாமாவுக்குமா? இருபத்தைந்து வருடம் கடலுக்குப் போகிற மனிசன்! ஒருத்தரும் ஒண்டும் சொல்லாத வீடு இது.

மார்ச் 5, விபூதிப் புதன்

பூசை முடிந்து வரும்போது மாமாவிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "ஆர் சொன்னது? கொம்மாவோ? எனக்கு ஒரு குறையும் இல்லை." நெற்றியில் சாம்பலோடு விறுவிறென்று போய்விட்டார்.

அவருடன் தொழிலுக்குப் போகும் கிறிஸ்ரி அண்ணை பின்னால் நின்றார். மெதுவாகச் சொன்னார்: "எதிர்ல வாற வள்ளத்தில சிவப்பு லைற்றோ பச்சை லைற்றோ எண்டு நான்தான் சொல்லுறனான். அதை வைச்சுத்தான் வள்ளம் எந்தப் பக்கம் போகுது எண்டு தெரியும். அவர் வாய் திறந்து கேக்கமாட்டார். நான் என்ர பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு இருப்பன்."

கிறிஸ்ரி அண்ணை ஒரு நாள் வராவிட்டால்?

மார்ச் 8, சனி

வகுப்பு தொடங்கியதும் மைக்கைப் போட்டேன். "சேர், அந்தச் செவுளுக்கு நிறம் போட்டது நான். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. விண்ணப்பத்தில பொய் சொன்னனான்." றிப்காவின் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

மார்ச் 10

கடிதம். பொய்த் தகவல் தந்ததால் என்னை வைத்திருப்பதா என்று ஒரு குழு முடிவு செய்யும். கண் பரிசோதனை அறிக்கை வேண்டுமாம்.

மார்ச் 14

ஆஸ்பத்திரி. புள்ளிகளால் ஆன வட்டங்களுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் புத்தகம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்ற இலக்கம் தெரிந்தது. பிறகு பக்கம் பக்கமாக வெறும் புள்ளிகள். "தெரியாட்டித் தெரியேல்ல எண்டு சொல்லுங்கோ தம்பி, ஊகிக்க வேண்டாம்" என்றார் தாதி.

மார்ச் 16

றிப்கா எடுத்தார். "சொல்லியிருந்தா இலக்கத்தை எழுதித் தந்திருப்பன். ஒரு நிமிச வேலை. எல்லாருக்கும் முன்னால என்னை நிக்க விட்டிட்டு நீங்கள் பேசாமல் இருந்தனீங்கள். உங்கட கண்ணில எனக்குக் கோவம் இல்லை."

மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 4

என்னை வைத்திருக்கிறார்கள். நிறப் பாடத்தில் சித்தியில்லை. அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும், இலக்கங்களைப் பார்த்துச் செய்ய அனுமதி உண்டு. செவுளுக்காகக் குறைத்த றிப்காவின் பாடப் புள்ளிகளைத் திருத்திவிட்டார்கள். அம்மா அழுதா. "என்னாலதானே உனக்கு" என்றா. இல்லையம்மா, பொய் சொன்னது நான்தானே என்றேன்.

மே 10, சனி

புதிய சோடிகள். றிப்கா வேறொருவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அடம்பனிலிருந்து இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் நிவேதிகா. வணக்கம் சொன்ன கையோடு, எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது என்றேன்.

"எனக்கு மாட்டுக்குப் பின்னங்கால் வைக்கத் தெரியாது. வீட்டில ஆறு மாடு நிக்குது, எண்டாலும் வராது" என்றார்.

பின்னேரம் முழுக்கப் பின்னங்கால் செய்தோம். முழங்கால் என்று நாங்கள் நினைப்பது உண்மையில் குதிக்கால். நாளைக்கு வால்.