மிச்சம் இருப்பவர்களுக்கு இரவு

பிப்ரவரி 27

அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் ஒட்டினேன். அண்ணிக்கு மறுபடியும் நைட். ஒரே மருத்துவமனை, ஒரே வீடு. அவள் நர்ஸ், நான் லிஸ்ட் போடும் குமாஸ்தா. சாப்பிடும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான், "வேணும்னே பண்றியா?"

"நான் எங்க பண்றேன்? பட்டனை அமுக்கறேன், கம்ப்யூட்டர் போடுது."

அண்ணி சிரித்தாள். "நாத்தனார் கொடுமைக்கும் மெஷின் வந்துடுச்சு போல."

சுருக்கென்றது. உண்மையைத்தானே சொன்னேன்?

மார்ச் 6

அண்ணன் குழந்தை பள்ளியில் பரிசு வாங்கினாள். அண்ணி நைட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்ததால் நான் போனேன். மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 11

ஊழியர்கள் எல்லோருக்கும் புரோகிராமிங் வகுப்பாம். சலவை, சமையல், நாங்கள் என்று யாரையும் விடவில்லை. "இதைப் படிச்சு ராக்கெட்டா விடப்போறோம்?" என்றேன். சமையல்காரர், "எனக்குக் குக்கர் விசிலே போதும்" என்றார்.

சொல்லித்தர வந்த பெண் கோபப்படவில்லை. "நீங்க பெரிசா எழுத வேண்டாம். உங்களுக்கு யாரு என்ன விதி எழுதி வெச்சிருக்காங்கன்னு படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்." மேடைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 18

வகுப்பில் இன்று ஒரு சின்ன புரோகிராம். எங்கள் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, மேலிருந்து ஆளுக்கொரு வேலை கொடுக்க வேண்டும். கடைசி வேலை டீ டம்ளர் கழுவுவது. எத்தனை தடவை ஓட்டினாலும் அது சலவைப் பிரிவு ஆளுக்கே வந்தது, ஏனென்றால் அவர் பெயர் 'ஹ'வில் தொடங்கும். "எங்கப்பா பேர் வெச்ச நேரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அண்ணி பெயரும் 'ஹ'.

மேஜைக்கு வந்ததும் டியூட்டி புரோகிராமைத் திறந்தேன். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் நடுவில் சில வரிகள் புரிந்தன. பெயர்களை அகர வரிசையில் அடுக்கு. மேலிருந்து பகலை நிரப்பு. பகல் தீர்ந்ததும் மிச்சம் இருப்பவர்களுக்கு இரவு.

மிச்சம். அவ்வளவுதான் காரணம். மாதாமாதம் அதே ஆட்கள் — வ, ஷ, ஹ. 'ஷ'வில் பெயர் தொடங்கும் ஒரு நர்ஸ் கைக்குழந்தையோடு என் முன்னால் நின்று, இரவை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். "என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று அனுப்பினேன். போன வருடம் வேலையை விட்டாள்.

ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே? எனக்குத் தெரியாதுன்னா, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டிருக்கலாமே? கேட்கல. ஏன்னா — அண்ணிக்கு நைட் வந்தா எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வீடு என்னோடதா இருந்துச்சு. குழந்தை என் பக்கத்துல படுத்துக்கிட்டா. சீ. எழுதவே கை கூசுது.

மார்ச் 19

காலையில் அண்ணி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அந்த வரிகளைச் சொன்னேன், 'ஹ'வைச் சொன்னேன், மாற்றிவிடலாம் என்றேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "தெரியாம நடந்துச்சு, சரி. எனக்கு நைட் வந்தப்பல்லாம் உனக்கு வருத்தமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"புரியுது" என்று உள்ளே போனாள்.

மார்ச் 20

வெட்கம். வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 30

மேட்ரனிடம் எல்லாவற்றையும் சொல்லி, வகுப்பெடுத்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து மாற்றினேன். இனி இரவு எல்லோருக்கும் மாதாமாதம் முறைவைத்து வரும். விதியை எளிதாக எழுதி லிஸ்ட் பக்கத்திலேயே ஒட்டினேன். சமையல்காரர் படித்துவிட்டு, "இவ்வளவுதானா சங்கதி?" என்றார். இந்த 'இவ்வளவுதானை'ப் படித்துப் பார்க்காமல்தான் இத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புது முறைப்படி அண்ணிக்கு ஏப்ரல் முழுக்கப் பகல். லிஸ்டைப் பார்த்துவிட்டு ராஜினாமாவை என் மேஜையிலேயே வைத்தாள். "நீ போடற லிஸ்ட்ல எனக்கு வேலை வேண்டாம்மா." குரலில் கோபம்கூட இல்லை.

மே 6

அண்ணி இன்று வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாள். சாயங்காலம் கூடத்தில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறையில் எனக்குக் கேட்டது.

போனதும் அங்கே கேட்டாளாம், "டியூட்டி லிஸ்ட் போடற புரோகிராமைக் கொஞ்சம் காட்டுங்க. மிச்சம் யாருக்குப் போகுதுன்னு பார்க்கணும்."

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா?"

"இல்ல. நைட் டியூட்டி பார்த்தவ."

அண்ணன் சிரித்தான், குழந்தையும் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கூடத்துக்குப் போய் அதைச் சொல்ல முகமில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.