ஜூலிக்கு வைத்த பேனர்

ஒரகடம்,
ஜனவரி 4.

மதிப்பிற்குரிய மதிவதனி மேடம் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். பெங்களூரில் உங்களிடம் மனநலப் பயிற்சி எடுக்கும் ஜூலியின் அப்பா ஜெபதாஸ் எழுதுகிறேன். உங்கள் போன் நம்பரைக் கேட்டேன், அவள் தரவில்லை. அதனால் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன். உங்களைப் போல நானும் ஒரு சூப்பர்வைசர்தான். கார் உதிரிபாகக் கம்பெனியில் பிரேக் தயாரிக்கும் லைன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

பேனர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூலியே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நேர்மையாக வளர்த்துவிட்டேன், யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாள் என்றதும் தெருமுனையில் பத்தடிக்கு ஒரு பேனர் வைத்தேன். "மனநல டாக்டர் ஜூலி ஜெபதாஸ் அவர்களே, வருக வருக." பேனர் படத்தில் அவள் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை நான் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் டீச்சர் மாதிரித் தெரியும் என்று பேனர் கடை பேச்சிராஜ் அவனாகவே மாட்டிவிட்டான். கீழே "26ஆம் தேதி காலை இலவச ஆலோசனை" என்று போடச் சொன்னது மட்டும் நான்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தவள், பேனரில் தன் முகத்தைப் பார்த்து ரோட்டிலேயே நின்றுவிட்டாள். தான் டாக்டரே இல்லை, உளவியல் படிப்பவள், பயிற்சி முடிந்து பதிவு கிடைக்கும்வரை உங்கள் மேற்பார்வை இல்லாமல் ஒருத்தரையும் பார்க்கக் கூடாது, இதனால் படிப்பே போய்விடலாம் என்றாள். உடனே கழற்றினேன். அதற்குள் ஊரே படித்துவிட்டது.

26ஆம் தேதி வாசல் முழுக்கச் செருப்பு. என் மனைவி ரூத் டீ போட்டே களைத்துப்போனாள். முதலில் உட்கார்ந்திருந்த கிளியம்மாள், "இன்னாம்மா ஜூலி, எம் மருமவ என்னாண்ட பேச மாட்டேங்குது, ஒரு மாத்திர குடு" என்று கேட்டார். ஜூலி எல்லோரையும் கும்பிட்டு, தனக்கு இன்னும் அனுமதி இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். "இத்தினி படிச்சிட்டு இன்னா பிரயோஜனம்" என்று கிளியம்மாள் தெரு நெடுகச் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் மேடம், அவள் ஒருத்தரைக்கூடப் பார்க்கவில்லை. கிளியம்மாளையே கேளுங்கள், திட்டிக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

எங்கள் லைனில் பயிற்சிக்கு வருபவர்கள் பிரேக்கில் ஓகே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. நான் சரிபார்த்து நானே ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டியவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்த மகள்மேல் பத்தடிக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். அனுப்புவதானால் என்னை அனுப்ப வேண்டும். அவளைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொரு விஷயம். ஜூலி இதுவரை என்னைத் திட்டவே இல்லை. முன்பெல்லாம் துவைக்கப் போட்ட சட்டையில் பஸ் டிக்கெட் இருந்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவாள். இந்தத் தடவை எதிரில் உட்கார்ந்து, "பேனர் வைக்கிறப்போ உங்க மனசுல என்னப்பா இருந்துச்சு" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையாம். நான் தண்ணீர் மோட்டார் போட எழுந்து போய்விட்டேன்.

பெருமை இருந்தது மேடம். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிற வருத்தமும் இருந்தது. இரண்டையும் அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பேனர் கடைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பழையபடி என்னை நாலு வார்த்தை திட்டச் சொல்லுங்கள். பெற்ற அப்பனைத் திட்ட லைசென்ஸ் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வேண்டும் என்றால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்யுங்கள்.

உங்களையும் உங்களிடம் பயிலும் பிள்ளைகளையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
ஜூலியின் அப்பா
ஜெபதாஸ்