காசிம் பாய் கேட்ட மூலப் பத்திரம்

14 மார்ச் 1952, வெள்ளி.

பத்திரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு வெட்கம் எங்கே போனது?

நடேசனின் திருவொற்றியூர் வீட்டை வாங்க, துறைமுகத்தில் வேலை செய்யும் காசிம் பாய்க்குப் போன மாதம் நான்தான் கிரய ஒப்பந்தம் எழுதினேன். வீட்டின் மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று அன்றே பாய் கேட்டார். அது அவரிடம் இருந்தால் வேறு ஆளுக்கு விற்பது லேசில்லை. நடேசன் என் தோஸ்து. அதனால், "வேணாம் பாய், நான் கீறேன்ல" என்றேன்.

இன்று நடேசன் ஒரு மரவாடிக்காரரை அழைத்து வந்து, அதே வீட்டுக்கு அவர் பேரில் இன்னொரு ஒப்பந்தம் எழுதச் சொன்னான். அவனைத் தனியே இழுத்து, "பாய் கதி இன்னாடா?" என்றேன்.

"நீ எழுதலன்னா வேற ஆளு எழுதுவான், நைனா."

எழுதினேன். 'இதற்கு முன் யாருக்கும் ஒப்பந்தம் செய்து கொடுக்கவில்லை' என்ற வரியையும் சேர்த்துத்தான். முடித்ததும் தொழில் பழக்கத்தில் மரவாடிக்காரரிடம், "மூலப் பத்திரத்த கையோட வாங்கிக்கினு போங்க" என்றேன்.

சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில் பாய் வந்து நின்றார். அந்த வீட்டு வாசற்கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார்.

"அடிங்க பாய்" என்றேன்.