லாபம், ரெண்டு, மூணு

வாணியம்பாடி
12.3.1979

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம்தான் என்று கேள்விப்படுகிறேன், அதுதான் உறுத்துகிறது.

முதலாளி மரியாதையில்லாமல் பேசினார் என்று ஆலங்காயம் புளி மண்டியை உதறிவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. நான் நின்று எடை போட்டு, மூட்டைகளை உரக்க எண்ணினால்தான் மலைக்காரர்கள் நம்புவார்கள். அதனால் முதலாளி ஆள் அனுப்புவார் என்றிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

நேற்று சந்தையில், மலையிலிருந்து நமக்குப் புளி கொண்டுவரும் மாதையனைப் பார்த்தேன்.

"இப்ப யாருய்யா எடை போடறது?"

"எடை சரியாத்தான் கீதுங்க" என்று நழுவிவிட்டான். நான் கேட்டது அதுவா?

நீயும் மண்டியைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

முந்தாநாள் வந்த நம் மகள் அத்தைக்கு இட்லி வைக்கும்போது, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது மண்டி வழக்கம். வீட்டில் நான் ஒருநாளும் அப்படி எண்ணியதில்லை.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"அம்மா இப்ப வூட்ல அப்பிடித்தான் எண்ணுது."

உனக்குத் தொண்டை கட்டியிருப்பதாகவும் சொன்னாள். பாலில் மிளகு போட்டுக் குடி.

மண்டியில் நேரம் கிடைத்தால் பதில் எழுது.

இப்படிக்கு,
இன்னமும் உன் வீட்டுக்காரன்