ஏழுமலையின் ஒரு வரி

18-8-1954, புதன்
காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை. தங்கவயலிலிருந்து தம்பி ஏழுமலையின் கார்டு. ஆறு வருடத்துக்குப் பிறகு. இங்கிலீஷில் ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை வர ‘ஹோப்’ செய்கிறானாம்.

கடைசியாக அவன் இங்கிலீஷில் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினேன். முப்பது வருட வாத்தியார் கை. அதோடு பேச்சு நின்றது.

“வர்றாராமா, இல்லியா?” என்றாள் மரகதம்.

விளக்கினேன். எதிர்வீட்டுப் பையன் மெட்ரிக் தேறுவது ஹோப். மாரிகுப்பம் ரயில் வருவது எக்ஸ்பெக்ட். தங்கை வருகிறாளென்று இவள் காலையிலேயே பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது லுக் ஃபார்வர்ட்.

“மீன் வாங்கறதா, வேணாமா? அதைச் சொல்லுங்க.”

ஹோப்புக்கு மீன் வாங்க முடியாது என்றேன். முறைத்தாள்.

19, வியாழன்
குடைக்கு ஒரு கம்பி போட வேண்டும்.
ஏழுமலைக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
எக்ஸ்பெக்ட்: ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்புகிற மாதிரி. மறுபடியும் வாத்தியார்.
அவெய்ட்: கோர்ட்டு குமாஸ்தா.
ஆன்டிசிபேட்: திருடன் வருவானென்று முன்கூட்டியே தாழ்ப்பாள் போடுவது.
லுக் ஃபார்வர்ட்: இதுதான் சரி. ஆனால் நாலு மார்க் போட்டவன் எழுதினால் நம்புவானா?
மூன்று கார்டு வீண்.

21, சனி
எழுதவில்லை. இனிப் போட்டாலும் போய்ச் சேராது. நாளை அவன் வராவிட்டால் என்னால்தான்.
சிவப்பு மைப் புட்டியைக் காணோம். மரகதம் தெரியாது என்றாள், அரிசியைப் பார்த்துக்கொண்டே.

22, ஞாயிறு
வெயில். ஆறு மணிக்கே சவரம். சும்மாதான்.
ஒன்பது மணிக்கு மீன் வாசனை. விசாரித்தேன். பக்கத்து வீட்டு முனிசாமி தங்கவயலுக்குப் போகிற மாரிகுப்பம் ரயிலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். வியாழக்கிழமையே அவரிடம் தமிழில் சொல்லி அனுப்பிவிட்டாளாம், குழம்பு வைக்கிறேன், கொழுந்தனாரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள் என்று.

பதினொன்றரைக்கு ஏழுமலை. தலை முழுக்க நரை. குழம்பு மூன்று தரம். கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான்.

“கார்டுல தப்பு எதுனா இருந்துச்சாண்ணா? வர்றேன்னு உறுதியா எழுத தைரியம் வரல. நீ கூப்பிடலியே.”

சமையலறை வாசலில் மரகதம், கையில் கரண்டியோடு, என்னையே பார்த்துக்கொண்டு.

“ஒரு தப்பும் இல்லடா” என்றேன்.

தேதி போட மறந்திருந்தான். சொல்லவில்லை.