சும்மா கம்பி

திருவள்ளூர்,
18 நவம்பர் 1973.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் ஜாம்ஷெட்பூர் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விடவில்லை, ஸ்டேஷன் தெருவில் முழங்கால் தண்ணீர், அப்படியும் பிள்ளைகள் வயலினை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு ஞாயிறு தோறும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

உன் பள்ளிக்கூடத்தில் வயலின் குழு தொடங்கியிருப்பதாகவும், முதலில் எந்தப் பாட்டைக் கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். புத்தகத்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதே. நன்றாக வாசிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பாட்டை எடுத்தால் மற்றவர்கள் வில்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பந்தியில் கடைசி இலைக்கு என்ன வந்து சேர்கிறது என்று பார்ப்போமே, அதுபோலக் கடைசி நாற்காலிப் பிள்ளைக்கு என்ன பங்கு என்று பார். அதற்கும் மெட்டில் ஒரு துண்டாவது கிடைக்க வேண்டும். தொடக்கத்துக்கு டி மேஜர் சுருதியில் உள்ள பாட்டுகள் நல்லவை, விரல் வைக்காமலே பல சுரங்கள் வந்துவிடும். விரல் வைக்காத கம்பியை இங்கே பிள்ளைகள் சும்மா கம்பி என்பார்கள், உனக்குத் தெரியும்.

அந்தச் சும்மா கம்பிதான் இப்போது எங்களைப் படுத்துகிறது. உன் தங்கை செண்பகம் காய்ச்சலில் போய் ஒரு வருஷமாகப் போகிறது. அவள் வயலின் கூடத்துச் சுவரில் அதே ஆணியிலேயே தொங்குகிறது. கிறிஸ்துமஸுக்காக டி மேஜரில் ஓர் எளிய பாட்டை எடுத்தேன். முடிந்து எல்லோரும் வில்லைத் தூக்கிய பிறகும் ஒரு சுரம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி நாற்காலியில் இருக்கும் சின்னராசு, "சார், செவுத்துல அக்கா வாசிக்குது சார்" என்றான். முதல் வயலின் வாசிக்கும் ரத்னா உடனே, "நீ அறுக்கிற அறுப்புக்குச் செத்தவங்களே எழுந்து வந்துடுவாங்கடா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. சரக்கு வண்டி போகும்போது அலமாரியில் ஒரு டம்ளர் மட்டும் கிணுகிணுப்பதில்லையா, அப்படித்தான் ஒரே சுருதியில் நிற்கும் கம்பி தானாக அதிரும் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர் அடுத்த ஞாயிறு வரவில்லை. இப்படியே போனால் குழு கலைந்துவிடும்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. இந்த ஈரத்தில் ஒரு வருஷம் தொங்கிய கம்பி தளர்ந்திருக்க வேண்டாமா, எப்படிச் சுருதியில் நிற்கிறது? ஒரு மதியம் தபாலாபீசிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். அம்மா ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கியபடி, வயலினை மடியில் வைத்துக் கம்பியை முறுக்கும் பிரடையைத் திருகிக்கொண்டிருந்தாள். மற்றக் கம்பிகள் தொங்கிக் கிடந்தன, அந்த ஒரு கம்பியை மட்டும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் இருந்தபோது சொல்லிக் கொடுத்ததாம். "பசங்க எல்லாம் வாசிக்கிறப்போ அது ஒண்டி ஊமையா தொங்கணுமா? பதில் சொல்லிக்கினு இருக்கட்டுமே" என்றாள். தளர்த்திவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பாட்டை மாற்றினேன், அந்தக் கம்பியின் சுரமே வராத ஈ ஃப்ளாட் சுருதியில் ஒரு கடினமான பாட்டு. பிள்ளைகள் விரல் தடுமாறினார்கள், சின்னராசு பாதியில் வில்லைக் கீழே வைத்துவிட்டான். சுவர் பேசவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து நின்று, "இன்னாங்க, இன்னைக்கு அவளை ஏன் சேத்துக்கல?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டாள்.

பழைய பாட்டையே திரும்ப எடுத்துவிட்டேன். சுருதி சேர்ப்பது அம்மாதான் என்று வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன், வந்துவிட்டார்கள். "அம்மாதானா சார், நான் இன்னாவோன்னு பேஜாராயிட்டேன்" என்று சின்னராசு சிரிக்கிறான். அவர்கள் பயம் போய்விட்டது. ஆனால் பாட்டு முடிந்ததும் தூக்கிய கையை நான் உடனே இறக்குவதில்லை. சுவரிலிருந்து அந்தச் சுரம் கேட்ட பிறகுதான் இறக்குகிறேன். பிள்ளைகளும் அதுவரை மூச்சு விடாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்குத் தனியாக எழுது, அதில் செண்பகத்தின் பேரை எழுதத் தயங்காதே. கர்த்தருடைய கரம் உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் அன்று வாசிக்கப்போவது கூடத்தில் இல்லை, தேவாலயத்தில். அங்கே சுவரில் ஆணி இருக்கிறதா என்று நேற்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஒண்ணு அடிச்சிட்டு வாங்க" என்றாள். நாளை காலை சுத்தியலோடு போகிறேன். போதகர் கேட்டால், குடை மாட்ட என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா,
தானியேல்