மிதித்ததும் வராத வண்டி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே நலமாக இருக்கவேண்டும், அதிலும் நீ நல்ல தெம்போடு இருக்கவேண்டும், ஏனென்றால் உடம்புக்கு முடியாதவனைத் திட்ட எனக்கு மனசு வராது, இன்றைக்கு உன்னைத் திட்டியே ஆகவேண்டும். என் மேலாளருக்கு நீ போன் செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது. இதைப் போனிலேயே கேட்டுவிடேன் என்று அப்பா சொன்னார். போனில் நான் ஆரம்பித்த வாக்கியத்தை நீ முடித்துவைப்பாய், நடுவில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அப்பா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவார். கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியாயிற்று, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள், மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. படிக்கட்டுப் பக்கம் ஒழுகியதை அப்பாவே சிமெண்ட் பூசி அடைத்தார், இப்போது சமையலறையில் ஒழுகுகிறது. தையல் கடையை மூடியதிலிருந்து சமையல் முழுக்க அவர் கையில்தான், எல்லாம் நன்றாக வருகிறது, உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை, சொன்னால் முகம் தூக்கிக்கொள்கிறார், அதனால் நானும் சொல்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அலுவலக வாசலில் நான் தண்ணீர் டிரம்மை இடித்த கதையை அக்கா உனக்குக் காதும் காதும் வைத்த மாதிரி சொல்லியிருக்கிறாள். இடித்தது உண்மை, டிரம் உடைந்தது உண்மை, காவலாளி தலையோடு கால் நனைந்து என்னைப் பார்த்த பார்வையும் உண்மை. எனக்கு வயசாகிவிட்டதால்தான் இடித்தேன் என்பது மட்டும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மலை உச்சியிலிருக்கும் செல்போன் டவருக்கு ஆட்களையும் பேட்டரிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவள் நான். இத்தனை வருஷமும் பெட்ரோல் வேன். கால் கட்டைவிரலை அசைத்தால் போதும், பாயும். இந்த மழையில் மேல்பாதை அரித்துப்போய் வேனால் ஏற முடியாமல் போனதும் கம்பெனியில் ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டயரே என் இடுப்பு உயரம். மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. போதவில்லை போல என்று இன்னும் அழுத்தினேன். முதலில் கேட்டதையும் அப்புறம் கேட்டதையும் சேர்த்துக் கொண்டுவந்து ஒரேயடியாகக் கொட்டியது. டிரம் போனது அப்படித்தான்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, 'வண்டில ஒரு குறையும் இல்லம்மா, டர்போவுக்குக் காத்து சேரணும், அதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், இதோட குணமே அதுதான்' என்று மூடிவிட்டார். அப்படியென்றால் குறை யாரிடம் என்று அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த முறை மலையேறும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், வேனில் செய்கிற மாதிரியே காலை எடுத்துவிட்டுத் திரும்பி முடித்த பிறகு மிதித்தேன், வண்டி முக்கி முனகி நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கில் பிடித்துவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின் சீட்டில் இருந்தவர்கள் 'அக்கா, அக்கா' என்று போட்ட சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கும். மேலாளர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அவரே கூட வந்து பார்ப்பதாகவும், சரிப்படாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவர் என்றும் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கால் வேகம் போய்விட்டதோ என்று ஒரு பயம் வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. அப்பா பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னதான் ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். கூப்பிட்டால் வருவதே இல்லை, வரும்போது மொத்தமாக வந்து விழுகிறது என்றேன். அவர் சிரித்தார். 'என்கிட்ட நீ எப்படி வேலை வாங்குறே? ஞாயித்துக்கிழமை நடக்கணும்னா வியாழக்கிழமையே சொல்லி வைக்கிறே இல்ல? அதுகிட்டயும் முன்னாடியே சொல்லி வையேன்' என்றார். உங்கள் அப்பா தன்னைப் பற்றி உண்மை பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவரையே பக்கத்தில் உட்காரவைத்து சிமெண்ட் குடோன் மைதானத்திலும் பக்கத்து மேட்டு ரோட்டிலும் ஓட்டிப் பழகினேன். கூடவே அவர் காலடியில் பெரிய வாளி நிறையத் தண்ணீர், சிந்தினால் அவர் கால்தான் நனையும், அதனால் நல்ல பரிசோதகர். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. என் கால் மெதுவாகவில்லையடா, இந்த வண்டிக்கு அது ரொம்ப வேகம். இதை உதைக்கக் கூடாது, லேசாக மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு பொறுக்கவேண்டும். வரவில்லையே என்று இரண்டாவது முறை அழுத்துவதுதான் தப்பு. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டு, பாதி திரும்பும்போதே காலை வைத்துவிட்டால், நிமிரும்போது இழுப்பு தானாக வந்து நிற்கிறது. மேட்டில் சத்தம் கம்மிப்போக விடக்கூடாது, விட்டால் மறுபடி எழுப்புவதற்குள் வண்டி உட்கார்ந்துவிடும். பெரிய ரோட்டில் ஏறும்போது வண்டிகளுக்கு நடுவே இடைவெளி வந்த பிறகு மிதித்தால் இடைவெளி போய்விடும், வருவதற்குள் மிதித்திருக்கவேண்டும், சந்தேகமாக இருந்தால் அந்த இடைவெளியை விட்டுவிடவேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் லோ கியரில் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறங்க விட்டேன், அந்த சுகம் வேனில் கிடையாது. கடைசிச் சுற்றில் அப்பாவின் செருப்பு நனையவில்லை. அவருக்குத் தலை சுற்றியது என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மழை. மேலாளர் முன் சீட்டில், பின்னால் பேட்டரிகள். முதல் இரண்டு வளைவும் சுகமாகப் போனது, அவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவில் பாதி திரும்பியிருக்கும்போது மேலேயிருந்து ஜல்லி லாரி இறங்கி வந்துவிட்டது. செங்குத்தில், சேற்றில், நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தினேன். லாரி போனது. மறுபடி எடுக்கவேண்டும், பின்னால் பள்ளம். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு மேலே இருக்கும் பிடியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். நான் லோ கியரில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை விடவில்லை, கிளட்ச்சைப் பாதி விட்டு ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. 'மிதிங்க, நல்லா மிதிங்க' என்று அவர் கத்தினார். என் காலும் அதையேதான் சொன்னது, இத்தனை வருஷப் பழக்கம் இல்லையா. 'கொஞ்சம் பொறுங்க சார், வருது' என்றேன், காலை அசைக்கவில்லை. இன்ஜின் சத்தம் கனத்தது, வண்டியின் முகம் லேசாகத் தூக்கியது, பிரேக்கை விட்டேன். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. சேற்றை மிதித்துக்கொண்டு ஏறியது பார், எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையில் மங்கிய முன் கண்ணாடியைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டவர் கொட்டகையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மேலாளர் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஆனா உங்க பையன் போன் பண்ணினாரும்மா. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, நீங்களே பக்குவமா நிறுத்திடுங்க, நான் சொன்னதா சொல்லாதீங்கன்னாரு. நாளைக்கு ஒண்ணுன்னா அவருக்கு நான் என்ன பதில் சொல்றது? அவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிக் குடுங்க, அது போதும்' என்றார். டிரம்மை உடைத்தபோதுகூட நான் இப்படி வெட்கப்படவில்லை. என் முதுகுக்குப் பின்னால், நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாமல் என்னை ஓரங்கட்டப் பார்த்திருக்கிறான். பாசத்தில்தான் செய்திருப்பாய், தெரியும். பாசம் என்றால் என்னிடம் கேட்டிருக்கவேண்டும். மேலாளரிடம் ஒன்றுதான் சொன்னேன், 'என் பையன் அவ்வளவு தூரம் வேலைக்குப் போனப்ப யாரும் என்கிட்ட வார்த்தை வாங்கலையே சார்' என்று. நான் மட்டும் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் என்று அவருக்கு எதற்குச் சொல்லவேண்டும், உனக்குச் சொல்கிறேன். நீ விமானம் ஏறுவதை நான் யாருக்கும் போன் போட்டு நிறுத்தவில்லை. மேலாளர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். சாவியைக் கேட்டார், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நானும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்கு மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்து 'அம்மா ஓட்டட்டும் சார்' என்று சொல்லத் தோன்றும். அதையும் செய்யாதே. நீ தடுத்து நிற்கிற ஆளும் நான் இல்லை, நீ அனுமதி கொடுத்து ஓட்டுகிற ஆளும் நான் இல்லை. என்னால் முடியாத நாள் வந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும், அன்றைக்கு நானே சாவியை வைத்துவிட்டு உன்னிடம் முதலில் சொல்கிறேன், இது சத்தியம். அது இன்றைக்கு இல்லை.

மற்றபடி நீ ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, இடுப்பு வலி என்று மருமகள் சொன்னாள். ஈர ரோட்டில் முன் வண்டியை ஒட்டி ஓட்டாதே. குட்டியைச் சாப்பிடச் சொல்லி மிரட்டவேண்டாம், பசித்தால் சாப்பிடும். மருமகளுக்கு என் அன்பு, அவள் உன்னைவிடப் புத்திசாலி, இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். கோபம் இன்னும் போகவில்லை, ஆசீர்வாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முழுசாக எடுத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். மலையேறிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா